இருபத்தைந்து வயதில் மறுபடியும் முதல் பாடம்

உ.வே.சாமிநாதையர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தலைப்பாகையும் சால்வையும் போட்ட அந்தப் படம்தான். ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடினார், கரையானிடமிருந்து சங்க இலக்கியத்தைக் காப்பாற்றினார், ஆகவே 'தமிழ்த் தாத்தா'. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு எழுதினால் முழு மார்க். ஆனால் தேடி எடுத்த ஏட்டை அவரால் முதலில் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஏடு தேடியதைவிட, எப்படிப் படிப்பது என்பதையே அவர் இரண்டாம் முறை கற்றுக்கொண்ட கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்ஜினீயர்கள் கூடும் மலரில் தமிழ்ப் பண்டிதருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்ம கூட்டத்தில் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் உண்டு. வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு, எம்.ஏ. தத்துவம் என்று சேர்ந்தவர்கள் உண்டு. மகளோ மகனோ ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் பொருளாதாரமோ வரலாறோ படிக்கப்போகிறேன் என்று சொல்ல, திகைத்து நிற்பவர்களும் இனி வருவார்கள். இவர்களில் முதல் இரண்டு வகையினரும் ஏறக்குறைய ஒரே புலம்பலைத்தான் சொல்கிறார்கள். பத்துக் கணக்குப் போட்டால் பதினொன்றாவது கணக்கு வந்துவிடும் என்ற நம்ம பழைய நம்பிக்கை அங்கே செல்லுபடியாகவில்லை. ஒரு பாட்டு புரிந்தால் அடுத்த பாட்டுக்கு அது கை கொடுப்பதில்லை. ஃபார்முலா கிடையாது. பின்பக்கத்தில் விடையும் கிடையாது. இப்படி முட்டுச்சந்தில் நிற்பவர்களுக்குத்தான் இந்தக் கதை.

ஐயர் பிறந்தது 1855 பிப்ரவரி 19-இல், தாயார் ஊரான சூரியமூலையில். சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகில் உள்ள உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். வீட்டில் காசுக்குப் பஞ்சம், பாட்டுக்குப் பஞ்சமில்லை. பையன் தமிழ் தமிழ் என்று துடித்தான். அதற்காகவே குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. அரியலூரில் சடகோபையங்கார் ஒரே பாட்டை ராகத்தோடு சொல்லி, அதிலேயே நெடுநேரம் நின்று ருசி காட்டினார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை சொல்லிக் கொடுத்தார். எங்கே ஒரு புலவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாலும் தகப்பனாரும் பிள்ளையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்றைக்கு கோச்சிங் சென்டருக்காக வீடு மாற்றுகிறோமே, அதெல்லாம் புதுசு இல்லை!

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். அப்போது வயது பதினாறு. அந்தக் காலத்தில் படிப்பதற்குப் 'பாடம் கேட்பது' என்று பெயர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆசிரியர் சொல்வார், மாணவன் கேட்பான். கேட்டதை ஏட்டில் எழுதிக்கொள்வான், நெட்டுருப் போடுவான். பொருள் என்பது ஆசிரியர் வாயில் இருப்பது. அவர் சொன்னால் சரி. பிள்ளை பெரிய கடல். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று வரிசையாகப் பாடம் நடந்தது. அவரே புராணங்கள் இயற்றும்போது மடைதிறந்தாற்போலச் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே வரவேண்டும்.

அவரிடம் தனியாக நேரம் கிடைப்பது சுலபமில்லை. பிள்ளைக்கு மரம் செடி என்றால் உயிர். வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரங்கள் புதிதாகத் தளிர் விட்டிருக்கின்றனவா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்த பையன் அவருக்கு முன்னாலேயே எழுந்து, எந்தக் கிளையில் எத்தனை தளிர் என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஐயா வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷ நேரத்தில் பாடத்தை ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டான். காக்கா பிடித்தான் என்று சிரிக்கலாம். ஆசிரியருக்கு எது வசதியான நேரம் என்று கண்டுபிடித்துத் தன் பழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டான் என்றும் சொல்லலாம். மாயூரத்திலேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுக்கொண்டிருந்த சங்கீதத்தைக்கூட, பிள்ளைக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். இது எனக்குச் சம்மதமில்லாத காரியம்தான். ஆனாலும் அந்தக் காலத்துக் குருபக்தி அப்படி.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி பிள்ளை காலமானார். ஐந்து வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. அதன் பிறகு திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார். கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியாரும் மகாவித்துவானின் மாணவர்தான். அவர் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். 1880 பிப்ரவரியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். ஆயிரக்கணக்கான செய்யுள் மனப்பாடம், நல்ல குரல், வகுப்பில் பாட்டாகப் பாடியே பாடம் நடத்தும் சாமர்த்தியம், கையில் உத்தியோகம். வயது இருபத்தைந்து. படித்து முடித்தாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றும்.

அதே வருஷம் அக்டோபர் 21, வியாழக்கிழமை. அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். மரியாதை நிமித்தமான சந்திப்பு. முதலியார் அதிகம் பேசவில்லை. யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஐயர் பட்டியலைச் சொன்னார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ்கள் இத்தனை, கோவைகள், உலாக்கள், தூதுகள், புராணங்கள், கம்பராமாயணம் என்று அது நீண்டுகொண்டே போயிற்று. எதிரில் இருந்தவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன ஆயிற்று என்ற தோரணையில் கேட்டுவிட்டு, பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று விசாரித்தார். சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? படித்ததில்லை என்பது இருக்கட்டும், அந்தப் புத்தகங்களை ஐயர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மகாவித்துவான் பாடம் சொன்ன வரிசையில் அவை வரவே இல்லை.

கேட்டவர் தமிழ்ப் பண்டிதர் அல்ல, கோர்ட்டு உத்தியோகஸ்தர். உங்களுக்கென்ன தெரியும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு வந்திருக்கலாம். சம்பளம் நின்றுவிடப் போவதில்லை. காலேஜில் யாரும் இவரைச் சிந்தாமணி கேட்கவில்லை. ஐயர் என்ன செய்தார்? முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு போய்ப் படிக்க உட்கார்ந்தார். நெட்டுருப் போட்ட தமிழ் இருக்கிறது, கம்பன் பழக்கம் இருக்கிறது, இதுவும் அதுமாதிரி வந்துவிடும் என்ற எண்ணம்.

வரவில்லை.

எங்கே இடறியது என்று பார்ப்பது நம்ம மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிரயோஜனம். முதல் தொல்லை எழுத்து. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் எல்லாம் ஒன்றுதான். காலும் ரகரமும் ஒரே கோடு. எழுதியவர் ஒரு தப்பு செய்தால் அதைப் பார்த்து எழுதியவர் இரண்டு தப்பு செய்திருப்பார். இரைச்சலில் சிக்னலைப் பிரிப்பது என்று நாம் படித்தோமே, அதேதான். இரண்டாவது தொல்லை உரை. நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பல பாட்டுகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைச் சேர்த்துப் பொருள் சொல்பவர். நடுநடுவே வேறு நூல்களிலிருந்து மேற்கோள் தருவார், எந்த நூல் என்று பெயர் சொல்லமாட்டார். அவர் காலத்து மாணவனுக்கு அது தெரிந்திருக்கும். ஐயருக்கு எது பாட்டு, எது உரை, எது மேற்கோள் என்று பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. மூன்றாவதுதான் அடிப்படைத் தொல்லை. சிந்தாமணி சமண காவியம். ஐயர் படித்து வளர்ந்தது சைவ மடத்தில். தனக்குத் தெரிந்த சைவத்தை வைத்து அர்த்தம் சொல்லிப் பார்த்தால் ஏதோ ஒன்று வரும், ஆனால் அடுத்த வரியோடு ஒட்டாது.

கேட்பதற்கு ஆசிரியரும் இல்லை. பிள்ளை இருந்திருந்தாலும், இது அவர் நடத்திவந்த பாடம் அல்ல. 'பாடம் கேட்பது' என்ற முறையே இங்கே முடிந்துபோகிறது.

என்ன செய்தார் என்பதை அவருடைய 'என் சரித்திரம்' விரிவாகச் சொல்கிறது. முதலில், தனியாகப் படிப்பதை விட்டார். முதலியார் வீட்டுக்குப் போய் இருவருமாக உட்கார்ந்து வரிவரியாக வாசித்தார்கள். முதலியார் விடாமல் கேள்வி கேட்கிற ரகம். தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோலத் தாண்டிப் போக அவர் விடமாட்டார். நம்ம ஹாஸ்டலில் கம்பைன்ட் ஸ்டடி என்ற பெயரில் நடந்தது வேறு விஷயம், அதை இங்கே நினைக்க வேண்டாம்.

அடுத்தது, சமணர்களைத் தேடிப் போனது. இவ்வளவு நாளும் பழகிய ஊர்தான், அதே கும்பகோணத்தில் சமணர்கள் வீடுகள் இருந்தன. நண்பர் ஒருவரோடு சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போனார். வாசலில் மாக்கோலம், தோரணம். ஏதோ விசேஷம் போல, வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டோமோ என்று விசாரித்தால், சிந்தாமணி படனம் அன்றைக்குத்தான் பூர்த்தியாயிற்று என்றார்கள்! ஆறு மாதமாக அந்த வீட்டில் சிந்தாமணி வாசித்துப் பொருள் சொல்லி நடந்திருக்கிறது. தமிழ்ப் பண்டிதர்கள் பார்த்திராத புத்தகம் சில தெரு தள்ளி ஒரு வீட்டில் பாராயண நூலாக உயிரோடு இருந்தது. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதன் பிறகு அங்கே அடிக்கடி போனார். சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பள்ளிப் பையன்போலக் கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். காலேஜ் பண்டிதர் என்ற கௌரவம் குறுக்கே வரவில்லை. சமயச் சொற்களின் அர்த்தம், பெயர்கள், சடங்குகள், கதைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இவர் கேட்கும் கேள்விகளை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த செட்டியாரின் மனைவி, இவர் பவ்ய ஜீவன் போலிருக்கிறதே என்று வியந்தாராம். பக்குவமடைந்த உயிர் என்பது அதன் பொருள். எத்தனையோ பட்டங்கள் பின்னால் வந்தன, இந்தப் பட்டம் ஐயருக்குக் கடைசிவரை இனித்தது. சைவ வட்டாரத்தில் சிலர், சமணப் புத்தகத்தில் இவ்வளவு ஈடுபாடு எதற்கு என்று முணுமுணுத்ததும் உண்டு. நச்சினார்க்கினியரைப் பற்றியே ஒரு செவிவழிச் செய்தி இருக்கிறது. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஒப்பவில்லை, பிறகு அவர் சமணர்களிடம் போய்ப் பாடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதினார் என்று. நடந்ததோ இல்லையோ, கதை ரொம்பப் பொருத்தம்.

மேற்கோள்களுக்கு அவர் கண்ட வழி இன்னும் சுவாரஸ்யம். உரையில் வரும் பெயரில்லாத வரிகளைத் தனியாகக் குறித்துவைத்தார். பிறகு எந்த ஏடு கையில் கிடைத்தாலும் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகை நூல்களும் கண்ணில் பட்டன. அனாதையாக நின்ற மேற்கோள்கள் பல அங்கே ஊரும் பேருமாக இருந்தன. சிந்தாமணியில் தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போனவருக்குச் சங்க இலக்கியமே கிடைத்தது! இதற்கு நெட்டுரு உதவியதா என்றால், நிச்சயமாக உதவியது. ஒரு வரியைப் பார்த்ததும் இதை வேறெங்கோ பார்த்தோமே என்று மனதில் மணி அடிக்க வேண்டுமானால் தலைக்குள் சரக்கு இருக்க வேண்டும். மனப்பாடம் செய்வதே பாவம் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐயர் பழைய பழக்கத்தைத் தூக்கி எறியவில்லை, அதற்கு வேறு வேலை கொடுத்தார். ஐந்து வருஷம் பிள்ளையிடம் காதால் சேர்த்தது முழுவதும் தேடுவதற்கான அட்டவணையாக மாறியது.

காதும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஒரு பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் வேறு பிரதியை வைத்துக்கொண்டு வித்தியாசங்களைக் குறிப்பது என்று ஒப்புநோக்கும் வேலை நடந்தது. ஓசை தட்டினால் பாடம் தப்பு என்று சங்கீதக் காது சொல்லிவிடும். இவன் காதால் கற்பவன், அவள் கண்ணால் கற்பவள் என்று பிள்ளைகளை வகை பிரிக்கிற மோகம் ஒன்று வந்து, அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று உளவியல்காரர்களே சொல்லியும் இன்னும் போனபாடில்லை. ஐயரை எந்தப் பெட்டியில் போடுவது? புத்தகம் எதைக் கேட்டதோ அதைச் செய்தார், அவ்வளவுதான்.

1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. முதலியாரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஏழு வருஷம்! நடுவில் காலேஜ் வேலை, பண முடை, விடுமுறை விட்டதும் சென்னைக்கு ஓடி ப்ரூஃப் பார்ப்பது எல்லாம் உண்டு. ஒரு செமஸ்டரில் ஆறு பேப்பர் முடித்த நமக்கு ஏழு வருஷம் என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கு.

பிறகு வேகம் பிடித்தது. 1889-இல் பத்துப்பாட்டு. அதில் குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் பட்டியலில் விடுபட்டிருந்த பகுதி தருமபுரம் மடத்து ஏட்டில் கிடைத்தது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு.

மணிமேகலையில் மறுபடி முட்டுச்சந்து. அது பௌத்த காவியம். சமணத்துக்கு கும்பகோணத்திலேயே ஆள் கிடைத்தார்கள். பௌத்தரை எங்கே தேடுவது? தமிழ்நாட்டில் அந்த மரபு அறுந்துபோய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. சமணத்துக்குக் கண்ட வழி இங்கே எடுபடாது. இந்தத் தடவை உதவியது பக்கத்து வகுப்பறை. உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் வடமொழியும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர். பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் வந்திருந்த புத்தகங்களை அவர் படித்துச் சொல்ல, ஐயர் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆங்கிலத்தில் பயிற்சி இல்லாத பண்டிதர், வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகத்தின் வழியாகத் தமிழ்க் காவியத்துக்குள் நுழைந்தார் என்பது வேடிக்கைதான். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைத் தமிழ் உரைநடையில் தாமே எழுதிச் சேர்த்தார். தனக்குப் புரிந்துவிட்டதா என்பதற்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை என்று நினைக்கிறேன். எம்.ஏ. அசைன்மென்ட் எழுதும் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். வேறொருவர் நோட்ஸை மாற்றி எழுதிக் கொடுத்தால் இது வராது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம். 1919-இல் ஓய்வு. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வர். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். காலேஜில் மாணவராக ஒரு நாள்கூட உட்காராதவருக்கு! 1937-இல் குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டபோது வயது 82. ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதிக்கொண்டே இருந்து, அது முடியாமலே 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவர் கையால் வந்திருக்கின்றன. சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல் நிலையத்தில் அவர் சேர்த்த சுவடிகள் இருக்கின்றன. குடும்பத்தோடு சென்னைக்கு வருபவர்கள் கடற்கரைக்குப் போகிற வழியில் அரை மணி ஒதுக்கலாம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிடக்கூடாது. அச்சாகி, பாராட்டும் வாங்கிய சிந்தாமணியை ஐயர் மூடி வைத்துவிடவில்லை. புதிதாகக் கிடைத்த பிரதிகளை வைத்தும், மற்ற நூல்களைப் படித்ததில் தெரியவந்ததை வைத்தும் திருத்தி, 1907-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். மறுபடி எடுத்துப் பார்த்து 1922-இல் மூன்றாம் பதிப்பு. முதலியார் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அப்போது நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.